எலி யாருக்குச் சொந்தம்?

படம் வரைந்த பையன் பட முதலாளி ஆன கதை

2024-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி அமெரிக்காவில் ஓர் எலிக்கு விடுதலை கிடைத்தது. கூண்டில் இருந்து அல்ல. சட்டத்தின் பிடியில் இருந்து!

மிக்கி மவுஸ் என்ற அந்த எலியைத் தெரியாத குழந்தை இல்லை. வட்டமான இரண்டு காதுகள், குட்டைக் கால்சட்டை, பெரிய பூட்ஸ். பள்ளிக்கூடப் பையிலும், பென்சில் பெட்டியிலும், பனியனிலும் அதன் படம் இருக்கிறது.

அந்த எலிக்குப் புகழ் தேடித் தந்த படம் "ஸ்டீம்போட் வில்லி." 1928-ல் வந்தது. நீராவிப் படகில் நின்று, விசில் அடித்தபடி சக்கரத்தைத் திருப்புமே, அந்தப் படம்தான். அந்தப் படத்துக்கு அமெரிக்கச் சட்டம் கொடுத்த பாதுகாப்பு 95 ஆண்டுகள். 2023 டிசம்பர் 31-ந் தேதியோடு அந்தக் கெடு முடிந்தது. மறுநாள் முதல், அந்தப் படத்தில் வரும் எலியை அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் வரையலாம், அச்சிட்டு விற்கலாம், புதுப் படம் எடுக்கலாம். டிஸ்னி கம்பெனியிடம் அனுமதி கேட்க வேண்டாம். ஒரு காசு கொடுக்க வேண்டாம்.

ஓர் எலிப் படத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?

காரணம் இருக்கிறது. இந்த எலிக்கு முன்னால் ஒரு முயல் இருந்தது. அந்த முயலைப் பறிகொடுத்த துக்கத்தில் பிறந்ததுதான் இந்த எலி.

ஒருவன் தன் கையால் படைத்த பொருள் யாருக்குச் சொந்தம்? வரைந்தவனுக்கா? பணம் போட்டவனுக்கா? பார்த்து மகிழ்ந்த பொதுமக்களுக்கா? இந்த மூன்று கேள்விகளையும் வால்ட் டிஸ்னி என்ற ஒரே மனிதரின் வாழ்க்கையில் பார்க்கலாம்.

சுவரில் தார்!

வால்ட் டிஸ்னி 1901-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி சிகாகோ நகரில் பிறந்தார். தந்தை எலியாஸ் டிஸ்னி. கடும் உழைப்பாளி. ஆனால் எந்தத் தொழிலில் கை வைத்தாலும் அது நிலைக்கவில்லை. எலியாசுக்கு நான்கு ஆண் பிள்ளைகள், ஒரு பெண். ஆண் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை வால்ட்.

வால்டுக்கு 4 வயது ஆனபோது குடும்பம் மிசௌரி மாநிலத்தில் உள்ள மார்சலீன் என்ற சிற்றூருக்குப் போயிற்று. அங்கே ஒரு பண்ணை. ஆடு, மாடு, பன்றி, குதிரை, கோழி என்று சுற்றிலும் பிராணிகள். சிறுவன் வால்ட் அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்தான். ஒரு நாள் பீப்பாயில் இருந்த தாரைக் குச்சியில் எடுத்து, வீட்டு வெள்ளைச் சுவரில் படம் போட்டுவிட்டான். உடன் இருந்தவள் தங்கை ரூத். சுவரில் பட்ட தார் போகுமா? தந்தைக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்தில் இருந்த வயதான டாக்டர் ஒருவர், தம் குதிரையை வரையச் சொல்லிக் காசு கொடுத்தார். படம் போட்டால் காசு கிடைக்கும் என்பதைச் சிறுவன் அன்று தெரிந்துகொண்டான்.

பண்ணையும் நிலைக்கவில்லை. குடும்பம் கேன்சாஸ் சிட்டி என்ற பெரிய ஊருக்குக் குடியேறியது. தந்தை பத்திரிகை வினியோகத்தை எடுத்தார். பேப்பர் போடும் வேலை வால்டுக்கும் அண்ணன் ராய்க்கும் வந்தது. பொழுது விடியும் முன்பே எழ வேண்டும். பனி கொட்டினாலும் வீடு வீடாகப் போக வேண்டும். பிறகு பள்ளிக்கூடம். மாலையில் மறுபடியும் பேப்பர். இப்படி ஆறு ஆண்டுகள்!

இதற்குத் தந்தை கூலி கொடுத்தாரா? இல்லை. சாப்பாடும் துணியும் கொடுப்பதே கூலி என்பது அவர் எண்ணம். உழைப்பது ஒருவர், காசு போவது இன்னொருவர் கைக்கு. இந்தப் பாடம் வால்டுக்கு 10 வயதிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அது மனதில் பதிய இன்னும் பல அடிகள் பட வேண்டியிருந்தது.

முதல் கம்பெனி, முதல் திவால்

முதல் உலகப் போர் நடந்தபோது வால்டுக்குப் பட்டாளத்தில் சேர ஆசை. வயது போதவில்லை. பிறந்த தேதியை மாற்றி எழுதி, 16 வயதில் செஞ்சிலுவைச் சங்கத்தில் ஆம்புலன்ஸ் டிரைவராகச் சேர்ந்தார். பிரான்சு போய்ச் சேர்ந்தபோது போர் முடிந்திருந்தது. ஓட்டிய வண்டியின் மேல் கேலிச் சித்திரம் வரைந்து பொழுதைப் போக்கினார்.

1919-ல் கேன்சாஸ் சிட்டிக்குத் திரும்பினார். விளம்பரப் படம் வரையும் ஒரு கடையில் வேலை கிடைத்தது. அங்கே அவருக்கு ஒரு நண்பர் கிடைத்தார். பெயர் அப் ஐவர்க்ஸ். அதிகம் பேச மாட்டார். ஆனால் பென்சிலை எடுத்தால் மின்னல் வேகம்! இந்தக் கதையில் ஐவர்க்ஸ் மிக முக்கியமானவர். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில வாரங்களில் இருவருக்கும் வேலை போயிற்று. 1920 ஜனவரியில் இருவரும் கூட்டாக ஒரு கம்பெனி தொடங்கினார்கள். இருவருக்கும் அப்போது வயது 18. கம்பெனி சில வாரங்கள்தான் நடந்தது.

பிறகு ஒரு விளம்பரப் படக் கம்பெனியில் வேலை. அங்கேதான் வால்ட் சித்திரங்களை நடக்க வைக்கும் வித்தையைக் கண்டார். ஊர் நூலகத்தில் இருந்து அதைப் பற்றிய புத்தகம் எடுத்துப் படித்தார். கம்பெனியின் காமிராவை இரவல் வாங்கி, இரவில் தாமே சோதனை செய்து பார்த்தார்.

1922 மே மாதம் "லாப்-ஓ-கிராம்" என்ற சொந்தக் கம்பெனி பிறந்தது. வால்டுக்கு 20 வயது. ஒரு வியாபாரி 6 படங்களுக்கு 11,100 டாலர் தருவதாக ஒப்பந்தம் செய்தார். முன்பணமாகக் கைக்கு வந்தது 100 டாலர். மீதி வருவதற்குள் அந்த வியாபாரியே கடையை மூடிவிட்டார்!

வால்ட் அறை வாடகை கொடுக்க முடியாமல் ஆபீசிலேயே படுத்தார். வாரம் ஒரு முறை ரயில் நிலையத்துக்குப் போய்க் காசு கொடுத்துக் குளித்தார். ஒரு பல் டாக்டர், பல் துலக்குவது பற்றிச் சிறு படம் எடுக்க அழைத்தார். வால்டால் போக முடியவில்லை. இருந்த ஒரே ஜோடி பூட்சும் செருப்புத் தைப்பவரிடம் இருந்தது. மீட்கப் பணம் இல்லை. டாக்டர் தாமே வந்து கூலியைக் கொடுத்து மீட்டுத் தந்தாராம். வால்டே பின்னாளில் சொன்ன கதை இது.

1923-ல் கம்பெனி திவால் ஆயிற்று. நம் ஊர் வழக்கில் சொன்னால் மஞ்சள் கடுதாசி! வால்ட் சட்டைப் பையில் 40 டாலருடன் ஹாலிவுட்டுக்கு ரயில் ஏறினார்.

அண்ணனும் தம்பியும்

ஹாலிவுட் பக்கம் அண்ணன் ராய் இருந்தார். முன்பு வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவர். காச நோய்க்காக ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்று வந்தார்.

தம்பிக்குக் கற்பனை உண்டு; கணக்கு வராது. அண்ணனுக்குக் கணக்கு வரும். படம் போட வராது. இருவரும் சேர்ந்தார்கள். சிற்றப்பா 500 டாலர் கடன் கொடுத்தார். 1923 அக்டோபர் 16-ந் தேதி மார்கரெட் விங்க்ளர் என்ற அம்மையாருடன் ஒப்பந்தம் ஆயிற்று. அவர் நியூயார்க்கில் படங்களை வாங்கிக் கொட்டகைகளுக்கு அனுப்புபவர். ஒரு படத்துக்கு 1,500 டாலர். இன்றைய டிஸ்னி கம்பெனி தன் பிறந்த நாளாகக் கொண்டாடுவது அந்தத் தேதியைத்தான்.

நண்பர் ஐவர்க்சும் ஹாலிவுட்டுக்கு வந்து சேர்ந்தார். சித்திரங்களுக்கு மை போடும் வேலைக்கு வந்த லில்லியன் என்ற பெண்ணை 1925-ல் வால்ட் மணந்தார்.

சித்திரம் நடப்பது எப்படி?

கொட்டகையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு படத்திலும் கை, கால் சிறிது நகர்ந்து இருக்கும். வேகமாக ஓடும்போது உருவம் நடப்பதாக நம் கண் ஏமாறுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு 1,440 படங்கள். 7 நிமிடப் படத்துக்கு 10,080! ஒரே சித்திரத்தை இரண்டு தடவை படம் பிடித்தாலும் 5 ஆயிரம் சித்திரம் வேண்டும். ஒருவர் பென்சிலால் வரைவார். மற்றொருவர் கண்ணாடி போன்ற தாளில் மை போட்டு நகல் எடுப்பார். இன்னொருவர் வண்ணம் தீட்டுவார். பிறகு ஒவ்வொன்றாகக் காமிராவின் கீழ் வைப்பார்கள்.

ஒரு நாவலை ஒருவர் தனியாக எழுதலாம். இந்த மாதிரிப் படத்தைத் தனியாக எடுக்க முடியாது. பலர் கை பட்டால்தான் படம். அதனால்தான் "இது யாருடையது?" என்ற கேள்வி இந்தத் தொழிலில் மற்றத் தொழில்களைவிடக் கூர்மையாக எழுகிறது.

பறிபோன முயல்

1927-ல் வால்டின் கம்பெனி ஆஸ்வால்டு என்ற முயலைப் படைத்தது. நீண்ட காது, குறும்புச் சிரிப்பு. படங்கள் சக்கைப் போடு போட்டன. விங்க்ளர் அம்மையாரின் கணவர் சார்லஸ் மின்ட்ஸ் படங்களை வாங்கி, யூனிவர்சல் கம்பெனி மூலம் வெளியிட்டார்.

1928-ம் ஆண்டு தொடக்கத்தில் வால்ட் மனைவியுடன் நியூயார்க் போனார். படத்துக்கு விலையைக் கூட்டிக் கேட்பது அவர் நோக்கம். மின்ட்ஸ் கூட்டவில்லை. "குறைத்துத்தான் தருவேன்" என்றார். வால்ட் மறுத்தார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

முயல் வால்டுக்குச் சொந்தம் அல்ல! ஒப்பந்தப்படி அது யூனிவர்சல் கம்பெனியின் சொத்து. அது மட்டுமா? வால்டிடம் வேலை பார்த்த ஓவியர்களில் பெரும்பாலோரை மின்ட்ஸ் ஏற்கனவே ரகசியமாகத் தம் பக்கம் இழுத்துவிட்டார். விலை போகாதவர்களில் முக்கியமானவர் ஐவர்க்ஸ்.

வால்டுக்கு வயது 26. கற்பனை அவருடையது. உழைப்பு அவருடைய கூட்டத்தாருடையது. ஆனால் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் வேறு பெயர்! அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முயலைத் தட்டிப் பறித்த மின்ட்சாலும் அதை வைத்துக்கொள்ள முடியவில்லை. 1929-ல் யூனிவர்சல் அவரையும் விலக்கிவிட்டு, வேறொருவரிடம் முயலை ஒப்படைத்தது. அதே காகிதம் அவருக்கும் குழி தோண்டியது!

எலி பிறந்தது

முயல் போயிற்று. புதிதாக ஒரு பிராணி வேண்டும். ஊர் திரும்பும் ரயிலில் எலியின் எண்ணம் தோன்றியது என்பது வால்ட் சொல்லிவந்த கதை. "மார்ட்டிமர்" என்று அவர் பெயர் வைத்ததாகவும், அது நன்றாக இல்லை, "மிக்கி" என்று வையுங்கள் என்று மனைவி சொன்னதாகவும் சொல்வார்கள்.

எண்ணம் வால்டுடையது. உருவம் கொடுத்தவர் ஐவர்க்ஸ். மின்ட்ஸ் பக்கம் போகவிருந்த ஓவியர்கள் இன்னும் அதே கட்டடத்தில் இருந்தார்கள். அவர்கள் கண்ணில் படாமல் ஐவர்க்ஸ் முதல் படத்தைத் தனியாக வரைந்தார். ஒரு நாளில் 700 சித்திரம் வரை போட்டாராம்!

முதல் இரண்டு படங்களை வாங்க ஆள் இல்லை. அப்போது பேசும் படம் வந்த புதிது. மூன்றாவது படத்துக்கு ஒலி சேர்க்க வால்ட் முடிவு செய்தார். நியூயார்க்கில் வாத்தியக் கோஷ்டியை வைத்து நடத்திய முதல் ஒலிப்பதிவு வீணாயிற்று. மறுபடி பதிவு செய்யப் பணம் இல்லை. வால்ட் தம் காரை விற்கச் சொன்னார்.

1928 நவம்பர் 18-ந் தேதி நியூயார்க்கில் காலனி தியேட்டரில் "ஸ்டீம்போட் வில்லி" வெளியாயிற்று. படம் பார்த்தவர்கள் கைதட்டினார்கள். எலியின் விசிலும், வாத்தியமும், காலடியும் ஒன்றோடு ஒன்று பொருந்தி வந்தன. மிக்கி எலிக்கு வால்டே குரல் கொடுத்தார்.

படத்தை விலைக்கு வாங்கப் பலர் வந்தார்கள். வால்ட் ஒரு நிபந்தனையில் மட்டும் உறுதியாக இருந்தார். படத்தைத் திரையிடலாம், எலியை விற்க மாட்டேன்!

வெற்றியின் ரகசியம் இதுதான். 1933-ல் இங்கர்சால் கம்பெனி மிக்கி கைக்கடிகாரத்தை வெளியிட்டது. பொம்மை வந்தது, புத்தகம் வந்தது. எலி வால்டின் சொத்தாக இருந்ததால் ஒவ்வொன்றிலும் அவருக்குப் பங்கு வந்தது. ஆஸ்வால்டு முயலின் படம் போட்டு விற்றபோது அவருக்கு அந்தப் பலன் இல்லை.

ஏழு குள்ளர்கள்

கையில் பணம் வந்ததும் மற்றவர்களாக இருந்தால் குட்டிப் படம் எடுத்தே காலத்தை ஓட்டியிருப்பார்கள். வால்ட் முழு நீளச் சித்திரப் படம் எடுக்கப் புறப்பட்டார். கதை, ஏழு குள்ளர்களும் ஸ்நோ ஒயிட் என்ற இளவரசியும்.

1934-ல் ஒரு நாள் மாலை ஓவியர்களை உட்கார வைத்து, ஒவ்வொரு பாத்திரமாகத் தாமே நடித்துக் காட்டிக் கதை சொன்னார். படம் முடிய மூன்று ஆண்டுகள் ஆயின. செலவு ஏறத்தாழ 15 லட்சம் டாலர். ஹாலிவுட்டில் சிலர் அதை "டிஸ்னியின் மடத்தனம்" என்று கேலி செய்தார்கள். நடுவில் பணம் தீர்ந்தது. அரைகுறையாக இருந்த படத்தை வங்கி அதிகாரிக்குப் போட்டுக் காட்டி, அண்ணன் ராய் கடன் வாங்க ஏற்பாடு செய்தார்.

1937 டிசம்பர் 21-ந் தேதி படம் வெளிவந்தது. பெரியவர்கள் கண்ணீர் விட்டார்கள். பிறகு வால்டுக்குச் சிறப்பு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. பெரிய சிலை ஒன்று. பக்கத்தில் குட்டிச் சிலைகள் ஏழு!

முதலாளிக்கு எதிராக

இதுவரை சொன்னது பாதிக் கதை. மறு பாதியைச் சொல்லாவிட்டால் அது விளம்பரம் ஆகிவிடும்.

முதலில் ஐவர்க்ஸ். எலிக்கு உருவம் கொடுத்த அவருக்குக் கம்பெனியில் 20 சதவீதப் பங்கு இருந்தது. வால்டோடு மனக்கசப்பு ஏற்பட்டது. 1930-ல் விலகினார். பங்கை 2,920 டாலருக்கு விட்டுக்கொடுத்தார். அந்தப் பங்கு இருந்திருந்தால் பின்னாளில் எத்தனை கோடி! அவர் சொந்தமாகத் தொடங்கிய கம்பெனி ஓங்கவில்லை. 1940-ல் டிஸ்னி கம்பெனிக்கே திரும்பி வந்து, காமிரா நுணுக்கங்களில் பெயர் பெற்றார்.

அடுத்தது 1941. ஊழியர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர். அங்கே படம் ஓடவில்லை. வருமானம் குறைந்தது. ஆட்குறைப்புப் பேச்சு எழுந்தது. முன்னணி ஓவியர் சிலருக்குக் கை நிறையச் சம்பளம். மை போடும் பெண்களுக்கும் உதவியாளர்களுக்கும் மிகக் குறைவு. 1930-களில் வந்த குட்டிப் படங்களில் வால்ட் டிஸ்னி பெயர் பெரிதாக வரும். வரைந்தவர்கள் பெயர் வராது.

ஊழியர்கள் சங்கம் அமைத்தார்கள். நல்ல சம்பளம் வாங்கிய ஆர்ட் பாபிட் என்ற ஓவியரே சங்கத்துக்கு முன்நின்றார். அவரை வேலையில் இருந்து நீக்கினார்கள். மே 29-ந் தேதி வேலை நிறுத்தம் தொடங்கியது. நூற்றுக்கணக்கான ஓவியர்கள் கம்பெனி வாசலில் அட்டை பிடித்து நின்றார்கள். அட்டைகளில் எல்லாம் அழகான சித்திரங்கள். வரையத் தெரிந்தவர்கள் அல்லவா!

வால்டுக்கு இது பேரிடி. தம் பிள்ளைகளே தம்மை எதிர்ப்பதாக எண்ணினார். சமரசம் ஏற்பட்டுச் சங்கத்தைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. ஆனால் பழைய பாசம் திரும்பவில்லை. நல்ல ஓவியர்கள் பலர் வெளியேறி, போட்டிக் கம்பெனி தொடங்கினார்கள்.

இங்கே சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். 1928-ல் மின்ட்ஸ் முன்னால் வால்ட் நின்ற இடத்தில், 1941-ல் வால்டின் ஓவியர்கள் நின்றார்கள். "வரைந்தது நாங்கள், பெயரும் சொத்தும் உங்களுக்கா?" என்பதே கேள்வி. பணத்தை இழக்கத் துணிந்து ஆபத்தை ஏற்றவர் வால்ட். அதை மறுக்க முடியாது. ஆனால் தாம் பட்ட காயத்தை அவர் பிறர் உடம்பில் அடையாளம் காணவில்லை. அதையும் மறுக்க முடியாது.

ஆரஞ்சுத் தோட்டத்தில் ஓர் உலகம்

வால்டுக்குச் சித்திரத்தில் இருந்த பழைய மோகம் சற்றுத் தணிந்தது. மனம் வேறு பக்கம் திரும்பியது. குழந்தைகளும் பெற்றோரும் சேர்ந்து களிக்க ஒரு பூங்கா வேண்டும் என்று எண்ணினார். அண்ணன் ராய் முதலில் தயங்கினார். வால்ட் தம் ஆயுள் இன்ஷூரன்சின் பேரில் கடன் வாங்கினார். பிறகு ஏ.பி.சி. என்ற டெலிவிஷன் கம்பெனி பணம் போட்டது. பதிலுக்கு வால்ட் டெலிவிஷன் நிகழ்ச்சி நடத்திக் கொடுத்தார்.

கலிபோர்னியாவில் ஆனஹைம் என்ற இடத்தில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோட்டத்தை வாங்கினார்கள். 1955 ஜூலை 17-ந் தேதி "டிஸ்னிலாந்து" திறக்கப்பட்டது. அன்று ஒரே களேபரம்! கள்ள டிக்கெட்டில் பலர் நுழைந்தார்கள். வெயிலில் புதுத் தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்புகள் ஒட்டிக்கொண்டன. ஆனால் ஏழு வாரங்களுக்குள் 10 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள்.

1940-லேயே கம்பெனியின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டிருந்தன. கம்பெனி வேறு, வால்ட் வேறு என்று ஆகியிருந்தது. 1950-களில் வால்ட் தனியாக ஒரு கம்பெனி வைத்து, "வால்ட் டிஸ்னி" என்ற தம் பெயரைப் பயன்படுத்துவதற்கே படக் கம்பெனியிடம் கட்டணம் வாங்கினார். முயலை இழந்தவர், பெயரைக்கூட இழக்கத் தயாராக இல்லை!

1966 டிசம்பர் 15-ந் தேதி நுரையீரல் புற்றுநோயால் வால்ட் காலமானார். ஓய்வு பெற இருந்த ராய், தம்பியின் கனவை முடிக்கவே வேலையைத் தொடர்ந்தார். புளோரிடாவில் இரண்டாவது பூங்காவை 1971 அக்டோபரில் திறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் அவரும் மறைந்தார்.

சட்டம் நீண்டது

அதன் பிறகு கம்பெனி ஆலமரமாக வளர்ந்தது. 2006-ல் பிக்ஸார், 2009-ல் மார்வெல், 2012-ல் லூகாஸ் பிலிம், 2019-ல் பாக்ஸ் கம்பெனியின் பெரும்பகுதி என்று ஒவ்வொன்றாக வாங்கியது. பாக்ஸோடு சேர்ந்து நம் வீடுகளில் பார்க்கும் விஜய் டி.வி.யும் அப்போது டிஸ்னி வசம் வந்தது. 2024 நவம்பரில் அந்த இந்தியத் தொழில் ரிலையன்ஸ் கம்பெனியின் தொழிலோடு இணைந்தது.

2006-ல் இன்னொரு சுவையான பேரம் நடந்தது. டிஸ்னியிடம் இருந்த விளையாட்டு வர்ணனையாளர் ஒருவரைப் போட்டி டெலிவிஷன் கம்பெனி கேட்டது. அந்தக் கம்பெனியும் யூனிவர்சலும் அப்போது ஒரே குடும்பம். டிஸ்னி கம்பெனி அவரை விடுவித்தது. பதிலுக்கு வாங்கியவற்றுள் முக்கியமானது, ஆஸ்வால்டு முயல்! 78 ஆண்டுகளுக்குப் பிறகு முயல் வீடு திரும்பியது.

எலியின் கதை வேறு. பதிப்புரிமை என்பது, படைத்தவர் அனுமதி இல்லாமல் பிறர் நகல் எடுக்கக் கூடாது என்று சட்டம் தரும் காவல். அந்தக் காவலுக்குக் கெடு உண்டு. கெடு நெருங்கிய வேளையில், 1998-ல் அமெரிக்கப் பாராளுமன்றம் அதை மேலும் 20 ஆண்டுகள் நீட்டியது. டிஸ்னி கம்பெனியும் அதற்காகப் பாடுபட்டதால், "மிக்கி மவுஸ் பாதுகாப்புச் சட்டம்" என்று மக்கள் அதைக் கேலி செய்தார்கள்.

நீட்டிய கெடுவும் முடிந்துதான் 2024 ஜனவரி 1 வந்தது. 1929-ல் வந்த மிக்கி படங்கள் 2025 ஜனவரி 1-ல் பொதுச் சொத்து ஆயின. பின்னாளில் வந்த மிக்கி உருவங்களும், வர்த்தகச் சின்னமும் இன்னும் கம்பெனியிடம்தான் இருக்கின்றன. ஆகவே எலியின் வால் மட்டும் வெளியே வந்திருக்கிறது என்று சொல்லலாம்!

இந்தக் காவல் அநியாயமா? முழுக்க அநியாயம் அல்ல. காவலே இல்லை என்றால் மின்ட்ஸ்கள் பெருகிவிடுவார்கள். நாளை என்ன சாப்பிடுவது என்று தெரியாதவன் படம் வரைய மாட்டான். ஆனால் காவலுக்கு எல்லை வேண்டும். ஸ்நோ ஒயிட் கதையை டிஸ்னி யாரிடம் விலைக்கு வாங்கினார்? அது ஜெர்மன் நாட்டு நாடோடிக் கதை. பாட்டிமார் சொன்னது, கிரிம் சகோதரர்கள் தொகுத்தது. ஊர்ப் பொதுக் கிணற்றில் இறைத்தவர், ஒரு நாள் கிணற்றுக்குத் திருப்பி ஊற்றுவதுதான் நியாயம்.

இன்றைய சண்டை

கேள்வி பழையது, இன்று அதற்குப் புது வேஷம்.

2025 மார்ச்சில், வீட்டுப் புகைப்படத்தைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்து, ஜப்பானின் கிப்லி கம்பெனிப் படம் போல மாற்றிக்கொள்ளும் மோகம் உலகம் முழுவதும் பரவியது. நம் வீடுகளிலும் பலர் செய்து பார்த்தார்கள். மனிதர் ஆயுள் முழுவதும் பழகிய கை வண்ணத்தை, செயற்கை அறிவு இயந்திரம் ஒரு நிமிடத்தில் போட்டுத் தருகிறது.

2025 ஜூன் மாதம் டிஸ்னியும் யூனிவர்சலும் சேர்ந்து, மிட்ஜர்னி என்ற செயற்கை அறிவுக் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தன. தங்கள் பாத்திரங்களை அனுமதி இல்லாமல் நகல் எடுப்பதாகப் புகார். முயலுக்காகப் பிரிந்த இரு வீட்டாரும் ஒரே பக்கம் நின்றார்கள்!

அதற்கு முன்பே, 2023-ல் ஹாலிவுட்டின் கதாசிரியர்களும் நடிகர்களும் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்கள் எதிர்த்தது டிஸ்னி உள்ளிட்ட பெரிய கம்பெனிகளை. இயந்திரத்தைக் கொண்டு எங்கள் பிழைப்பைப் பறிக்காதீர்கள் என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. ஆக, கம்பெனிகள் இயந்திரத்திடம் இருந்து பாதுகாப்புக் கேட்கின்றன. கலைஞர்கள் கம்பெனிகளிடம் இருந்து பாதுகாப்புக் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே நியாயம்தான். தனக்கு ஒரு நியாயம், தன்னிடம் வேலை செய்பவனுக்கு இன்னொரு நியாயம் என்று வைத்தால் அது நிற்காது.

காகிதத்தைப் படியுங்கள்

நம் வீட்டிலும் சுவரில் கிறுக்கும் பிள்ளை இருக்கலாம். படம் போட்டு, பாட்டு எழுதி, கைபேசியில் சிறு படம் எடுத்துப் பேர் வாங்கும் பிள்ளைகள் இன்று ஏராளம். "இதெல்லாம் சோறு போடுமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். சோறு போடும். யாருக்குப் போடும் என்பதைக் கையெழுத்து முடிவு செய்யும்.

நம் நாட்டில் 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. எழுதியவர், வரைந்தவர் ஆயுள் முழுவதும், அவருக்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. சினிமாப் படத்துக்கு, அது வெளிவந்து 60 ஆண்டுகள். சம்பளத்துக்கு வேலையில் இருந்துகொண்டு வேலையின் பகுதியாகப் படைத்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பொதுவாக முதலாளிக்குச் சொந்தம்.

ஆகவே கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இதன் உரிமை யாருக்கு? எத்தனை காலத்துக்கு? என் பெயர் வருமா? இவற்றைக் கேட்பது பேராசை அல்ல. மரியாதைக் குறைவும் அல்ல. புரியாவிட்டால் படித்த ஒருவரிடம் காட்டிக் கேட்கலாம். வால்ட் டிஸ்னி முயலைப் பறிகொடுத்தது திறமை இல்லாததால் அல்ல. இந்தக் கேள்விகளை வேளையோடு கேட்காததால்.

இன்னொரு கேள்வியும் உண்டு. நம் பிள்ளை நாளை முதலாளி ஆனால், அவனிடம் வேலை செய்யும் ஐவர்க்சுக்கு என்ன பங்கு?

முதல் மூன்று கேள்விகள் பணத்தைக் காப்பாற்றும். நான்காவது கேள்வி நண்பர்களைக் காப்பாற்றும்.